போனில் விலை சொல்ல முடியாத வேலை

கம்பளம் கழுவ சதுர அடிக்கு எவ்வளவு என்று போனில் கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன். கம்பளத்தின் ஒரு மூலையைப் புரட்டி, பின்பக்கத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாதிப் பேர் அதோடு கழன்றுகொள்வார்கள். மீதியில் பாதிப் பேர் மேல்பக்கத்தை எடுத்து அனுப்புவார்கள், அதுவும் நடுவில் டீப்பாயும் ஓரத்தில் பேரனின் காலுமாக. கடைசியில் மிஞ்சுகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

மதுரையில் இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. நம்ம ஊர் வெக்கைக்கு வெறும் தரையில் படுப்போமே தவிர கம்பளம் யார் விரிக்கிறார்கள்? நியாயமான சந்தேகம்தான். ஆனால் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி எத்தனை காஷ்மீர் கைவினைக் கடைகள் இருக்கின்றன என்று ஒருமுறை நடந்து பாருங்கள். ராணுவத்திலும் வங்கியிலும் ரயில்வேயிலும் வடக்கே வேலை பார்த்து ஓய்வு பெற்று, கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் வீடு கட்டியவர்கள், வரும்போது ஸ்ரீநகரிலிருந்தோ, உத்தரப் பிரதேசத்தில் கம்பளம் நெய்கிற ஊரான பதோஹியிலிருந்தோ ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். கொடைக்கானலில் பழைய பங்களா வைத்திருப்பவர்களுக்குக் குளிருக்குக் கம்பளி விரிப்பு இல்லாமல் ஆகாது. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த காலத்துச் சாமான்களோடு, கல்யாணத்துக்கு மட்டும் விரிக்கிற கம்பளம் ஒன்றிரண்டு பரணில் கிடக்கும். எனக்கு இது போதும்.

எங்கள் வீட்டில் அப்பா காலம் வரை சாயப்பட்டறைதான். சௌராஷ்டிரக் குடும்பம், சுங்குடிக்கும் பட்டு நூலுக்கும் சாயம் போடுகிற வேலை. பட்டறையை மூடியபோது எனக்கு மிஞ்சியது இரண்டு சிமெண்ட் தொட்டியும், எந்தச் சாயம் எந்தத் தண்ணீரில் என்ன செய்யும் என்று அப்பா பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதும்தான். கோயில் பக்கத்துக் காஷ்மீர் கடை பாய் ஒருவர், சுற்றுலா வந்தவர் டீயைக் கொட்டிவிட்ட ஒரு பட்டுக் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தேடி வந்தார். முடிச்சைப் பற்றி அவருக்குத் தெரியும், சாயத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியும். அப்படி ஆரம்பித்தது. அந்தக் கதையை நீட்ட வேண்டாம், பின்பக்கத்துக்கு வருகிறேன்.

கையால் முடிச்சுப் போட்ட கம்பளம் என்றால் முன்பக்கத்துப் பூவும் கொடியும் பின்பக்கத்திலும் அப்படியே தெரியும், ஒவ்வொரு முடிச்சும் தனித்தனிப் புள்ளியாக. இரண்டு முனையிலும் தொங்குகிற குஞ்சம் தனியாகத் தைத்ததாக இருக்காது. அது தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலேதான், தறியிலிருந்து அறுத்து இறக்கும்போது மிஞ்சியது. பின்னால் முழுக்கத் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட். கைக்கருவியால் ஒரு துணியில் நூலைக் குத்திக் குத்தி ஏற்றி, பின்னால் ரப்பர் பால் பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டி மூடிவிடுவார்கள். அதிலும் நல்ல கம்பளி நூல் இருக்கலாம், 'கையால் செய்தது சார்' என்று கடைக்காரர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்த ரப்பர் பால் சில வருடத்தில் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும், நனைத்தால் ஒரு நாற்றம் எழும்பும், அந்த நாற்றத்தை எந்த ஷாம்புவாலும் எடுக்க முடியாது. பின்பக்கம் முழுக்க ஒரே சீராக, ஒரு முடிச்சுகூடக் கோணாமல் இருந்து, குஞ்சமும் தைத்துச் சேர்த்ததாக இருந்தால் மெஷின் சரக்கு. இந்த மூன்றுக்கும் சேர்த்துப் போனில் ஒரே விலை எப்படிச் சொல்வது?

அடுத்தது முடிச்சின் நெருக்கம். பின்பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்தில் அகலவாக்கில் எத்தனை, நீளவாக்கில் எத்தனை என்று எண்ண வேண்டும். 18-க்கு 18 இருந்தால் ஒரு சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு. நாலுக்கு ஆறு அடிக் கம்பளம் ஒன்றில் அது 11 லட்சத்தைத் தாண்டும். காஷ்மீரில் எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைத் 'தாலிம்' என்கிற குறியீட்டு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் படித்துப் படித்துத்தான் நெய்கிறார்கள். அதெல்லாம் விற்பவன் கவலை, கழுவுகிறவனுக்கு எதற்கு என்று தோன்றும். முடிச்சு நெருங்க நெருங்க, உள்ளே போன தண்ணீர் வெளியே வர நேரம் பிடிக்கும், அடியில் இறங்கின மண்ணும் லேசில் வராது. அரை நாளில் முடிகிற வேலையா முழு நாள் வேலையா என்பதை அந்த 324 தான் எனக்குச் சொல்கிறது. 2016-ல் காஷ்மீர் கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, 2022-லிருந்து க்யூஆர் லேபிளும் வந்துவிட்டது. ஸ்கேன் செய்தால் அந்தக் கம்பளத்தின் விவரம் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் என்னிடம் வருவதெல்லாம் அதற்கு முந்தின காலத்துச் சரக்கு.

சரி, முடிச்சு தெரிந்துவிட்டது. முடிச்சு எதில் போட்டது? இங்கேதான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

பட்டா, பட்டு மாதிரியே தெரிகிற விஸ்கோஸா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பவர்களை நம்பாதீர்கள். புது விஸ்கோஸ் பட்டைவிட வழுவழுப்பாகவே இருக்கும், பளபளப்பும் கூடத்தான். வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே கம்பளத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முன்பக்க இழை இரண்டு மூன்றை நறுக்கி எடுப்பேன். குஞ்சத்தில் எடுக்கக் கூடாது. குஞ்சம் பாவு நூல், அது பெரும்பாலும் பருத்தியாக இருக்கும், முன்பக்க இழை எதுவென்று அது சொல்லாது. எடுத்த இழையை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், பட்டு என்றால் நெருப்பைக் கண்டு சுருண்டு பின்வாங்கும், மெதுவாக எரியும், தீயை எடுத்தவுடன் தானே அணையும். முடி கருகின வாடை அடிக்கும், முனையில் கருப்பாக ஒரு மணி நிற்கும், அதை விரலில் நசுக்கினால் பொடியாகிவிடும். கம்பளியும் கிட்டத்தட்ட இப்படித்தான். விஸ்கோஸ் அப்படிப் பின்வாங்காது. பேப்பரைக் கொளுத்தியதுபோலச் சட்டென்று பிடித்துக்கொண்டு எரியும், வாடையும் பேப்பர் வாடையேதான், கடைசியில் ஊதினால் பறக்கிற சாம்பல். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, கல் மாதிரி ஒரு உருண்டையாக நிற்கும்.

அண்ணா நகரில் ஓர் அம்மா வீட்டில் இதைச் செய்து காட்ட வேண்டி வந்தது. கணவர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வடக்கே சுற்றுலா போனபோது அவர் வாங்கிக் கொடுத்த கம்பளம், ஹாலில் படத்துக்குக் கீழே விரித்திருந்தார்கள். வெளிர் நீலம், நடுவில் ஒரு மரம், மரத்தில் பறவைகள். பார்க்க அவ்வளவு அழகு. இழையைக் கொளுத்தினேன். பேப்பர் வாடை.

"அம்மா, இது பட்டு இல்லீங்க. விஸ்கோஸ்னு சொல்வாங்க. மரக்கூழ்ல செய்யுற நூலு."

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? அவரு அறுபதாயிரம் குடுத்து வாங்குனாரு. பட்டுன்னு பில்லுல எழுதியிருக்கு."

பில்லையும் எடுத்து வந்து காட்டினார். எழுதியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு கேட்டார்: "அப்ப கழுவுற கூலி கொறையும்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். குறையாது. சொல்லப்போனால் விஸ்கோஸைக் கழுவுவது பட்டைக் கழுவுவதைவிடத் தொல்லை பிடித்த வேலை. நனைந்தால் அதன் பலம் பாதிக்குப் பாதி குறைந்துவிடும், அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தால் இழை அறுந்து கையோடு வரும். காய்ந்த பிறகு சொரசொரவென்று படிந்து கிடக்கும், மஞ்சள் பூத்துப்போகும், ஒவ்வொரு இழையையும் பிரஷ்ஷால் நீவித் திருப்ப வேண்டும். தண்ணீர் சிந்தின இடம் வட்டமாகத் தெரியும். அறுபதாயிரத்துக்குப் பட்டென்று வாங்கினது பட்டில்லை என்றும் சொல்லிவிட்டு, அதற்குப் பட்டின் கூலியையே கொடுங்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்லாமல் பட்டென்றே கணக்குப் போட்டுக் கழுவிக் கொடுத்துவிடலாமே என்பார் என் தம்பி. அந்த வீட்டில் அடுத்தமுறை வேறு யாராவது வந்து 'பட்டுதானே' என்று அள்ளித் தண்ணீரில் முக்கினால் என்ன ஆகும்? அதனால் சொல்லிவிடுவேன். அந்த அம்மா கடைசியில் கழுவக் கொடுக்கவில்லை, மெதுவாக வேக்குவம் பிடித்து, கறை இருந்த ஒரு மூலையை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கினேனா என்று கேட்டால், வாங்கினேன்.

கழுவுவதற்கு வருகிறேன். பவானி ஜமக்காளத்தைத் துவைத்துப் பழகின கைகள் நம்முடையவை. ஊற வை, சோப்புப் போடு, கல்லில் நாலு அடி, கொடியில் போட்டு வெயிலில் காயவிடு. கம்பளியிலும் பட்டிலும் இதில் ஒன்றுகூடச் செய்யக் கூடாது.

முதல் வேலை தண்ணீர் இல்லாத வேலை. கம்பளத்தில் இருக்கிற அழுக்கில் பெரும்பகுதி வறண்ட புழுதியும் மணலும்தான், அதுவும் நம்ம ஊர்ப் புழுதி. அது முடிச்சின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, மேலே நடக்க நடக்க இழையின் வேரை அறுக்கும். அது இருக்கும்போது தண்ணீரை விட்டால் உள்ளே சேறாகிவிடும், அப்புறம் எத்தனை அலசினாலும் போகாது. கம்பளியைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து தட்டுவோம். பட்டைத் தட்டக்கூட மாட்டோம், கம்பி வலைமேல் குப்புறப் போட்டுக் கம்ப்ரஸர் காற்றை மெதுவாகக் கொடுத்து உதிர்ப்போம். ஓர் ஒன்பதுக்கு ஆறு கம்பளியிலிருந்து விழுகிற மண்ணைக் கூட்டி அள்ளினால் முறம் நிறையும். 'இவ்வளவுமா என் வீட்டுக்குள்ள இருந்துச்சு' என்று அசந்துபோவார்கள். வேண்டுமென்றே கூட்டாமல் விட்டுவைத்து, உரிமையாளர் வந்தால் காட்டுவதுண்டு. கூலி பற்றிய பேச்சு அதன்பிறகு கொஞ்சம் சுமுகமாக நடக்கும்.

இரண்டாவது, சாயம் நிற்குமா என்று பார்ப்பது. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் வைத்து, மேலே எடையை ஏற்றிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். வெறும் தண்ணீரில் ஒருமுறை, கழுவப் போகிற கலவையில் ஒருமுறை. சிவப்பையும் கருநீலத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும், வம்பு பண்ணுவது பெரும்பாலும் அவை இரண்டும்தான். அப்பா சொல்வார்: "சாயம் ஓடுறது தண்ணியப் பார்த்து இல்லடா, சவக்காரத்தப் பார்த்து." கம்பளிக்கும் பட்டுக்கும் போடுகிற சாயங்களில் பல, புளிப்பான தண்ணீரில் இழையைப் பிடித்துக்கொள்ளும், காரமான தண்ணீரில் விட்டுவிடும். வீட்டில் துணி துவைக்கிற பவுடரைக் கரைத்து, புளிப்பா காரமா என்று காட்டுகிற பிஎச் தாளை நனைத்தால் 10 பக்கத்தில் காட்டும், எண் கூடக் கூடக் காரம். கம்பளிக்கும் பட்டுக்கும் 5-லிருந்து 7 வரைக்கும்தான் சுகம். சாயம் மட்டுமில்லை, இழையே கெட்டுப்போகும். இரண்டும் புரதம். கறையை விரட்ட என்சைம் சேர்த்த பவுடர்கள் வருகின்றனவே, அதில் புரதக் கறையைத் தின்னப் போட்டிருக்கிற என்சைம், பட்டுக்கும் ரத்தக்கறைக்கும் வித்தியாசம் பார்க்காது. ப்ளீச்சிங் பவுடரோ கேட்கவே வேண்டாம், குளோரின் கம்பளியைக் கரைத்தே விடும்.

தண்ணீர்தான் எங்கள் பட்டறையில் பெரிய செலவு, வெளியே யாருக்கும் தெரியாத செலவு. எங்கள் ஏரியா போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, ஆயிரத்துக்கு மேல். அந்த உப்பும் சுண்ணாம்பும் சோப்போடு சேர்ந்தால் ஒரு சாம்பல் நிறப் படிவு உண்டாகி இழையில் ஒட்டிக்கொள்ளும், பட்டின் மினுமினுப்பே செத்துப்போகும். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதற்கும் இதே சுண்ணாம்புதான் காரணம். அதனால் கழுவ, சாஃப்ட்னரில் சுண்ணாம்பை நீக்கின தண்ணீர், கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓவில் பாதிக்கு மேல் வீணாகப் போகிறதே என்று எனக்கும் வயிற்றெரிச்சல்தான், அந்தக் கழிவுத் தண்ணீரில் தொட்டியும் தரையும் கழுவிக்கொள்கிறோம். வைகைத் தண்ணீருக்குச் சாயம் எடுப்பாக நிற்கும் என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது ஊருக்குள் வைகையைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொன்னால் சிரிப்பு வரும்.

பட்டுக் கம்பளத்தைக் கழுவுவதைப் பார்க்க வேண்டும் என்று சிலர் வந்து உட்காருவார்கள். பார்க்க ஒன்றும் இருக்காது, அவ்வளவு மெதுவான வேலை. சரிவான தளத்தில் விரித்து, குளிர்ந்த தண்ணீரை ஷவரில் மெல்ல விடுவோம். கம்பளத்துக்கு ஒரு பக்கம் உண்டு, இழை சாய்ந்திருக்கிற திசை. அந்தத் திசையிலேயே உள்ளங்கையால் நீவி விட வேண்டும், எதிர்ப்பக்கம் கை போகக் கூடாது, வட்டமாகத் தேய்க்கக் கூடாது. முதலில் டீ நிறத்தில் தண்ணீர் இறங்கும், பிறகு பழுப்பு, பிறகு கலங்கல், கடைசியில் வெறும் தண்ணீர். தெளிந்ததும் அசிட்டிக் ஆசிட் கொஞ்சமாகக் கலந்த ஆர்ஓ தண்ணீரில் ஓர் அலசல். அப்பா பட்டு நூலுக்குக் கடைசியில் விடுகிற அதே புளிப்புத் தண்ணீர்தான். புதுப் பட்டுப் புடவையைக் கசக்கினால் ஒரு சரசரப்பு வருமே, அது இந்தப் புளிப்பால் வருவது. அலசின பிறகு பட்டின் மேல் கையை வைத்தால் முதலில் வழுக்கிக்கொண்டு போன கை, இப்போது கொஞ்சம் பிடிக்கும். சோப்பு மிச்சமில்லை என்று எனக்கு அதில்தான் தெரியும், மீட்டர் அப்புறம்தான்.

கம்பளி வேறு ரகம். அதன் இழையில் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டவர்களுக்கு இது புரியும். அதனால் வெந்நீர் கிடையாது. கம்பளி இன்னொரு விஷயத்திலும் ஏமாற்றும்: தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தைக் குடித்துவிட்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். மேலே காய்ந்துவிட்டது என்று சுருட்டிக் கொடுத்தால், உள்ளே பருத்திப் பாவு ஈரத்தோடு மக்க ஆரம்பிக்கும்.

காயவைப்பதைப் பற்றித்தான் வாக்குவாதம் அதிகம் வரும். கத்திரி வெயிலில், மொட்டை மாடி கொதிக்கும்போது, கம்பளத்தைக் கொட்டகைக்குள் விரித்து ஃபேன் போட்டு வைத்திருக்கிறேன் என்றால் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. "ஏண்ணே, மாடியில போட்டா ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிருமே!" ஆகும். பட்டு வெயிலில் மஞ்சளித்து நைந்துபோகும், சாயமும் வெளுக்கும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் பார்க்கச் சகிக்காது. காற்று வேண்டும், வெயில் வேண்டாம். தொங்கவும் விடக் கூடாது, நனைந்த கம்பளத்தின் கனத்தில் அதன் வடிவமே இழுத்துக்கொள்ளும். மெதுவாகக் காய்ந்தாலும் ஆபத்து இருக்கிறது. பருத்திக் குஞ்சத்தில் ஈரம் தங்கி வற்றினால் பழுப்பேறும், அதைத் திரும்ப வெளுக்க வைப்பது தனி வேலை, தனிக் கூலி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ஃபேனோடு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையரும் ராத்திரி பகலாக ஓடும். கரண்டு பில் வந்ததும் நெஞ்சு பதறும்.

இப்போது விலை. இப்போதைக்கு என் கணக்கு இது: பருத்திப் பாவில் கம்பளி முடிச்சு என்றால் சதுர அடிக்கு 60 ரூபாய். பட்டு 160, பாவும் பட்டாகவே இருந்தால் 200. விஸ்கோஸ் 160, கூடவே 'இப்படி இப்படி ஆகலாம் என்று தெரியும்' என்று ஒரு தாளில் கையெழுத்து. டஃப்டட் 40, பின்பக்க ரப்பர் நன்றாக இருந்தால் மட்டும். அளப்பது இழை முடிகிற இடம் வரைக்கும்தான், குஞ்சத்தைச் சேர்க்க மாட்டேன். குஞ்சத்தை அளந்து காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில்தான் ஒரு விசித்திரம் நடக்கும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு வரும். ஹாலில் கிடந்த ஆறுக்கு ஒன்பது கம்பளி, 54 சதுர அடி, 3,240 ரூபாய். சாமி ரூமுக்குப் பக்கத்தில் கிடந்த நாலுக்கு ஆறு பட்டு, 24 சதுர அடி, 3,840 ரூபாய். "பெரிசுக்குக் கொறச்சலு, சின்னதுக்குக் கூடவா? கணக்குத் தப்பா இருக்கேப்பா" என்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். கணக்கு சரிதான். பெரியதை இரண்டு ஆட்கள் ஒரு மதியத்துக்குள் கழுவி முடித்துவிடுவார்கள். சின்னதில் நான் ஒருவன்தான் கை வைப்பேன், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆகும், அப்புறம் இழை காய்கிற பதத்தில் இரண்டு மூன்று தடவை மென்மையான பிரஷ்ஷால் நீவிவிட வேண்டும், அதற்கு ராத்திரியிலும் எழுந்து வர வேண்டியிருக்கும். ஆர்ஓ தண்ணீரும் சின்னதற்குத்தான் கூடுதல்.

கம்பளத்தின் விலையை வைத்துக் கூலியில் சதவீதம் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டு லட்ச ரூபாய்க் கம்பளத்தில் சாயம் உறுதியாக நிற்கும்போது வேலை சுலபம். இருபதாயிரம் ரூபாய்க் கம்பளத்தில் நாய் மூத்திரம் போயிருந்தால் பிராணன் போய்விடும், அது நாளாக ஆகக் காரமாகி அந்த இடத்தில் சாயத்தையே தளர்த்தி வைத்திருக்கும். விலைக்கு ஏற்ப ஏறுவது பொறுப்புதான், அதற்கு நான் கூலியில் கை வைப்பதில்லை, ரசீதில் வைக்கிறேன். வாங்கும்போதே நாலு மூலையும், கறையும், பூச்சி அரித்த இடமும் போட்டோ எடுத்து, சாயச் சோதனையில் துணியில் ஏறின நிறத்தையும் காட்டி, எது போகும், எது போகாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவோம். கோயில் பக்கத்துப் பாய் இதில் கெட்டி. தன் கடைச் சரக்கையே கொடுத்தாலும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து எழுதி வாங்காமல் விட மாட்டார். "நம்பிக்கை வேற, பில்லு வேற தம்பி" என்பார், இத்தனை வருடத்தில் அவருடைய தமிழில் மதுரை நன்றாகவே ஏறிவிட்டது.

வீட்டுக்கே வந்து சதுர அடி 15 ரூபாய்க்குக் கழுவித் தருகிறோம் என்று கிளம்பியிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சோபாவுக்கும் ஆபீஸ் கார்ப்பெட்டுக்கும் அது சரியான வேலை. ஆனால் அதே சுழல் பிரஷ்ஷையும் நுரையையும் பட்டின் மேல் ஓட்டிவிட்டு, இழை பிசிறிட்டு நடுவில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்த பிறகு என்னிடம் எடுத்து வருகிறார்கள். அதைச் சரிசெய்ய எவ்வளவு என்று கேட்பார்கள். பிசிறின பட்டை யாராலும் பழையபடி ஆக்க முடியாது, ஓரளவுக்கு நீவிப் படியவைக்கலாம், அவ்வளவுதான்.

விலையே சொல்லாமல் திருப்பி அனுப்புகிறவையும் உண்டு. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில், பூந்தொட்டி வைத்திருந்த கம்பளம். மேலே ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்தை மடித்தேன், படபடவென்று முறிகிற சத்தம் கேட்டது. தொட்டியிலிருந்து கசிந்த ஈரத்தில் பருத்திப் பாவு மக்கிப்போயிருந்தது. தண்ணீர் பட்டால் அந்த இடம் ஓட்டையாக விழும். அந்த வீட்டுப் பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை, அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை லேசாக மடித்துக் காட்டினேன், அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை. பரணில் சுருட்டிக் கிடந்த இன்னொன்றில் பூச்சி. சிலர் நினைப்பதுபோல அந்துப்பூச்சி பறந்து வந்து கம்பளியைத் தின்பதில்லை, அது இடுகிற முட்டையிலிருந்து வருகிற புழுதான் தின்கிறது, அதுவும் இருட்டும் அசையாத இடமும் வேண்டும் அதற்கு. வருடத்துக்கு நாலு தடவை பிரித்து உதறி, நிழலில் காற்றாட விட்டு, திருப்பிப் போட்டிருந்தால் எனக்கு அந்த வேலையே வந்திருக்காது. மெஷின் சரக்கு மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கி, கழுவ ஆயிரத்து ஐந்நூறு ஆகும் என்றால் கழுவாதீர்கள் என்று நானே சொல்லிவிடுவேன். வேக்குவம் போதும், பிரஷ் சுற்றாத வேக்குவம்.

பேரம் பேசாதவர்கள் நம்ம ஊரில் கிடையாது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்குப் பேசுகிற அதே பாணியில் 160-ஐ 100-க்குக் கேட்பார்கள். இரண்டு கம்பளமாகக் கொடுத்தால் வண்டிக்கூலியை விட்டுவிடுவேன், மாசி பங்குனியில் கொடுத்தால் பத்து சதவீதம் குறைப்பேன், காரணம் அப்போது காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் எல்லோருக்கும் கம்பளம் ஞாபகம் வருவது தீபாவளிக்கு முந்தின வாரம்தான், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது. அப்போது போன் செய்தாலும் எடுப்பேன், பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன், பட்டு என்று தெரிந்தால் தை பிறந்த பிறகு ஒரு தேதி கொடுப்பேன். "தீபாவளிக்கு மாப்பிள்ளை வர்றாருண்ணே" என்பார்கள். மாப்பிள்ளை பொங்கலுக்கும் வருவார்தானே.